பில்ட் கருவியைப் பொதியாக்குவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

மென்பொருள்களை மூலநிரலிலிருந்தே கம்பைல் செய்து நிறுவிக்கொள்ளும் ஜென்டூ லினக்ஸ் பற்றி வந்த கேள்விகளில், மூலநிரலை இயங்கும் மென்பொருளாகக் கட்டித் தரும் பில்ட் கருவிகளைப் பொதியாக்குவது தொடர்பானவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். முதல் கேள்வி சற்று நீளமானது. அதற்கான பதிலும் அப்படித்தான்.

கேள்வி: நான் அன்றாடம் பயன்படுத்தும் பில்ட் கருவி ஒன்று சி++ மொழியில் எழுதப்பட்டது. ஜென்டூவில் அதற்கு இபில்ட் (ஒரு மென்பொருளைப் பதிவிறக்கி, கட்டி, நிறுவும் விதத்தைச் சொல்லும் கோப்பு) இல்லாததால் நானே எழுதத் தொடங்கினேன். டெர்மினலில் இரண்டே கட்டளைகளில் பில்ட் ஆகிவிடும் அந்தக் கருவி, ஜென்டூவின் பொதி மேலாளரான போர்டேஜ் வழியாக இயக்கினால் கம்பைல் கட்டத்தின் தொடக்கத்திலேயே சர்வரின் பெயரைக் கண்டறிய முடியவில்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது. என் இணைய இணைப்பில் எந்தக் குறையும் இல்லை. எங்கிருந்து சரிசெய்யத் தொடங்க வேண்டும்?

பதில்: உங்கள் இணைப்பில் குறை இல்லைதான், ஆனால் கம்பைல் நடக்கும் இடத்தில் இணைப்பே கிடையாது. போர்டேஜ் ஒரு பொதியைக் கட்டும்போது, இபில்ட்டில் பட்டியலிட்ட கோப்புகள் அனைத்தையும் முதலிலேயே பதிவிறக்கி, அவற்றின் அளவையும், கோப்பு சற்று மாறினாலும் மாறிவிடும் பிளேக்2பி, ஷா512 ஆகிய ஹாஷ் மதிப்புகளையும் மேனிஃபெஸ்ட் கோப்பில் உள்ளவற்றோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கிறது. அதன் பிறகு வரும் கன்ஃபிகர், கம்பைல், சோதனை, நிறுவல் ஆகிய கட்டங்களை வெளி உலகத் தொடர்பு துண்டிக்கப்பட்ட சாண்ட்பாக்ஸுக்குள் நடத்துகிறது. இதற்கான நெட்வொர்க் சாண்ட்பாக்ஸ் வசதி இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும். அதை அணைத்துவிட்டால் உங்கள் கணினியில் வேலை முடிந்துவிடும். ஆனால் அந்த இபில்ட்டைப் பிறருக்குத் தர முடியாது, ஏனெனில் கம்பைல் நேரத்தில் வந்து சேரும் கோப்பை எவரும் சரிபார்த்திருக்க மாட்டார்கள்.

ஆகவே முதலில் அறிய வேண்டியது, அந்த இரண்டு கட்டளைகளில் எது எதைப் பதிவிறக்குகிறது என்பதே. மூலநிரலோடு வரும் பில்ட் ஸ்கிரிப்டைத் திறந்து, அதில் கர்ல், விகெட் போன்ற கட்டளைகள் எங்கே அழைக்கப்படுகின்றன என்று தேடிப் பாருங்கள். சாதாரண நூலகங்கள் பதிவிறக்கப்படுகின்றன என்றால் சிக்கல் பெரிதில்லை. அவை ஜென்டூவில் ஏற்கெனவே பொதிகளாக இருந்தால் சார்புப் பட்டியலில் சேர்த்துவிட்டு, கணினியில் உள்ளதையே பயன்படுத்தும்படி பில்ட் கோப்பைத் திருத்தலாம். இல்லாதவற்றின் முகவரிகளை இபில்ட்டின் மூலக் கோப்புப் பட்டியலிலேயே எழுதிவிடலாம். ரஸ்ட் மொழி மென்பொருள்களுக்குக் கிரேட்டுகள் எனப்படும் நூலகங்களின் பெயரும் பதிப்பும் நூறு வரிகளுக்கு மேல் நீளும் இபில்ட்டுகள் இருக்கின்றன. பார்க்க அழகாக இராது. ஆனால் உள்ளே என்ன போகிறது என்பது ஒளிவுமறைவின்றி எழுதப்பட்டிருக்கும்.

உங்கள் கருவி பதிவிறக்குவது தன்னுடைய முந்தைய பதிப்பின் பைனரியாக (ஏற்கெனவே கம்பைல் செய்த இயங்கு கோப்பாக) இருக்கும் என்பது என் ஊகம். பில்ட் கருவியை எழுதுபவர்கள் தங்கள் கருவியைக் கொண்டே அதைக் கட்ட விரும்புவது இயல்பு. அந்தக் கருவி ஒருமுறைகூட நிறுவப்படாத கணினியில் அதை எதைக் கொண்டு கட்டுவது என்ற கேள்விக்குப் பொதியாக்குபவர்தான் விடை காண வேண்டியிருக்கிறது. பூட்ஸ்டிராப் என்று சொல்லப்படும் இந்தச் சிக்கலைப் பழைய கருவிகள் எவ்வாறு தீர்த்திருக்கின்றன என்று பார்ப்பது உங்களுக்கு உதவும். 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய மேக் கருவியின் வழிவந்த குனு மேக்கில், மேக் இல்லாத கணினியில் அதைக் கட்டுவதற்கென்றே ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் இருக்கிறது. நிஞ்சாவின் பைத்தான் கன்ஃபிகர் ஸ்கிரிப்டுக்குப் பூட்ஸ்டிராப் என்ற விருப்பத்தைக் கொடுத்தால், அது கம்பைலரை நேரடியாக அழைத்து ஒரு நிஞ்சாவை உருவாக்கித் தரும். சிமேக், ஒரு சி++ கம்பைலரும் மேக்கும் இருந்தால் போதும் என்ற அளவில் தனக்கெனப் பூட்ஸ்டிராப் ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறது. ஜாவா உலகின் ஆன்ட், முதலில் ஜாவா கம்பைலரைக் கொண்டு தன்னில் ஒரு பகுதியைக் கட்டிக்கொண்டு, அதைக் கொண்டு முழு ஆன்ட்டையும் கட்டும். பேசல் போன்ற பெரிய கருவியும்கூட, பேசல் இல்லாமல் கட்டுவதற்காகவே தனியொரு மூலத் தொகுப்பை ஒவ்வொரு வெளியீட்டோடும் தருகிறது.

உங்கள் கருவிக்கு இப்படி ஒரு வழி இல்லையென்றால் நீங்களே உருவாக்கிவிடலாம்; சி++ கருவி என்பதால் அது அவ்வளவு கடினமும் இல்லை. டெர்மினலில் ஒருமுறை, இயக்கப்படும் கட்டளைகள் அனைத்தையும் காட்டும் விருப்பத்தோடு பில்ட் செய்யுங்கள். திரையில் ஓடும் கம்பைலர் கட்டளைகளைப் பிடித்து வைத்துக்கொண்டால், எந்தெந்தக் கோப்புகள், எந்தெந்த மேக்ரோக்களோடு, எந்த வரிசையில் கம்பைல் ஆகின்றன என்பது தெரிந்துவிடும். அதை ஒரு சிறிய மேக் கோப்பாக எழுதி, இபில்ட்டின் துணைக் கோப்புகள் இருக்கும் அடைவில் வையுங்கள். கம்பைல் கட்டத்தில் அந்த மேக் கோப்பைக் கொண்டு ஒரு தற்காலிகக் கருவியைக் கட்டி, அந்தத் தற்காலிகக் கருவியைக் கொண்டு முறையான கருவியைக் கட்டி, இரண்டாவதாகக் கிடைத்ததை மட்டும் நிறுவுங்கள். இரண்டு முறை கட்டுவது நேர விரயம் என்று சிலர் சொல்வார்கள். தன்னைத் தானே கட்டிக்கொள்ள முடிந்த கருவி அடிப்படை வேலையைச் சரியாகச் செய்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சோதனை கிடைக்காது என்பதால், அந்தச் சில நிமிடங்களை நான் விரயமாகக் கருதமாட்டேன். அந்த மேக் கோப்பை மூல ஆசிரியர்களுக்கும் அனுப்பிவிடுங்கள். அவர்கள் ஏற்றுக்கொண்டால் ஒவ்வொரு புதிய பதிப்பிலும் கோப்புப் பட்டியலைத் திருத்தும் வேலை உங்களுக்கு மிச்சம்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு முடிச்சு நூலகங்களில் இருக்கிறது. உங்கள் கருவிக்குத் தேவைப்படும் நூலகமே உங்கள் கருவியால் கட்டப்படுவதாக இருந்தால், போர்டேஜ் சார்புகள் வட்டமடிக்கின்றன என்று சொல்லி மறுத்துவிடும். ஜேசன் கோப்புகளைப் படிக்க ஜேசன்சிபிபி என்ற நூலகத்தை நாடும் சிமேக்குக்கு இதே நிலைமைதான், ஏனெனில் அந்த நூலகத்தை வழக்கமாகக் கட்டுவது சிமேக்தான். அதனால்தான் சிமேக் தன் மூலநிரலுக்குள்ளேயே சில நூலகங்களின் நகல்களை வைத்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் கணினியில் உள்ளதைப் பயன்படுத்துவதா, உள்நகலைப் பயன்படுத்துவதா என்று பூட்ஸ்டிராப் ஸ்கிரிப்டிடம் தனித்தனியே சொல்லலாம். உள்நகல்களை ஜென்டூ பொதுவாக விரும்புவதில்லை. ஒரு நூலகத்தில் பாதுகாப்புக் குறை கண்டறியப்பட்டால் பொதி ஒன்றைத் திருத்தினால் போதும் என்ற நிலை குலைந்து, எங்கெங்கே நகல் ஒளிந்திருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும் என்பதே காரணம். ஆயினும் வட்டத்தை வெட்ட வேறு வழி இல்லாத ஓரிடத்தில் உள்நகலை வைத்துக்கொண்டு, ஏன் அப்படிச் செய்தோம் என்று இபில்ட்டில் ஒரு வரி குறிப்பு எழுதுவது ஏற்கத்தக்கதே.

கேள்வி: இவ்வளவு சிரமப்படுவதற்குப் பதில், மூல ஆசிரியர்கள் வெளியிடும் தயார் பைனரியையே எடுத்துப் பொதியாக்கினால் தவறா?

பதில்: தவறில்லை, பெயரில் அதைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். ஜென்டூவில் இத்தகைய பொதிகளின் பெயர் "பின்" என்ற பின்னொட்டோடு முடியும். ஜாவா பில்ட் கருவிகளான மேவன், கிரேடில் ஆகிய இரண்டும் ஜென்டூவில் அப்படித்தான் கிடைக்கின்றன. கிரேடில் ஜாவா, குரூவி, காட்லின் ஆகிய மொழிகளில் எழுதப்பட்டு, முந்தைய கிரேடில் ஒன்றைப் பதிவிறக்கி அதன் மூலம் தன்னைக் கட்டிக்கொள்ளும் கருவி. காட்லின் கம்பைலரைக் கட்டவும் கிரேடில் வேண்டும். அனைத்தையும் மூலத்திலிருந்தே கட்ட வேண்டும் என்ற விதியை விடாமல் பிடித்துக்கொண்ட டெபியன் லினக்ஸில் கிரேடில் நெடுங்காலம் 4.4.1 பதிப்பிலேயே நின்றுபோனதற்கு இந்தச் சுழல்தான் காரணம். இன்னொரு வழியும் உண்டு. ஜென்டூவின் ஜாவா பொதிகளில் பல, மூல ஆசிரியர் மேவனைப் பயன்படுத்தியிருந்தாலும் அதைப் புறக்கணித்துவிட்டு, பல இபில்ட்டுகளுக்குப் பொதுவான வரிகளைக் கொண்ட இகிளாஸ் ஒன்றின் துணையோடு ஜாவா கம்பைலரை நேரடியாக அழைத்தே கட்டப்படுகின்றன. பில்ட் கருவியைப் பொதியாக்க முடியாதபோது, அந்தக் கருவியே தேவைப்படாதபடி பிற பொதிகளை எழுதிவிடுகிறார்கள்.

எனினும் உங்கள் சி++ கருவிக்குப் பைனரி வழியை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஜாவா பைனரி எந்தப் பிராசசரிலும் ஓடும். உங்களுடையது ஒன்றிரண்டு பிராசசர் வகைகளுக்கு மட்டுமே கிடைக்கும். ஆர்ம், ரிஸ்க்-5 போன்றவற்றில் ஜென்டூவை ஓட்டுபவர்களுக்கு அதனால் பயனில்லை.

கேள்வி: இணையச் சிக்கல் தீர்ந்த பிறகும் என் இபில்ட் சாண்ட்பாக்ஸ் மீறல் என்று நிற்கிறது. அதைத் தாண்டியவுடன், பயனர் கம்பைலருக்குத் தரும் விருப்பங்களான கொடிகளை என் இபில்ட் மதிக்கவில்லை என்று தர எச்சரிக்கைகள் வருகின்றன. கருவி சரியாகவே ஓடுகிறது. இந்த எச்சரிக்கைகளைப் பொருட்படுத்த வேண்டுமா?

பதில்: பொருட்படுத்தத்தான் வேண்டும். சாதாரண மென்பொருளில் இவை அந்த ஒன்றோடு போய்விடும். பில்ட் கருவியில் இதே பழக்கங்கள் அது கட்டப்போகும் எல்லா மென்பொருள்களிலும் தொடரும்.

சாண்ட்பாக்ஸ் மீறலை முதலில் பார்ப்போம். பில்ட் நடப்பது வார் அடைவுக்குள் டெம்ப் அடைவின் கீழ் போர்டேஜுக்கென உள்ள தற்காலிக இடத்தில். வேலையைச் செய்வது வழக்கமாக ரூட் பயனரன்று, போர்டேஜ் என்ற தனிப் பயனர். அந்த இடத்துக்கு வெளியே எழுத முயலும் எதுவும் மீறலாகப் பதிவாகும். பில்ட் கருவிகள் கேஷ் கோப்புகளைப் பயனரின் ஹோம் அடைவில் ஒளித்து வைக்கும் பழக்கம் உடையவை. ஹோம் சூழல் மாறியைப் பார்த்து அடைவைத் தீர்மானிக்கும் கருவி தப்பித்துவிடும், ஏனெனில் போர்டேஜ் அந்த மாறியைத் தற்காலிக அடைவுக்குத் திருப்பியிருக்கும். பயனர் கணக்குக் கோப்பைப் படித்து ஹோம் அடைவைக் கண்டுபிடிக்கும் கருவிதான் மாட்டிக்கொள்ளும். மீறல் பதிவில் கோப்பின் முழுப் பாதையும் இருக்கும். அந்தப் பாதையை எழுதும் வரியை மூலநிரலில் தேடிப் பிடித்து, சூழல் மாறியைப் படிக்கும்படி ஒரு சிறு பேட்ச் போட்டுவிடுங்கள்.

நிறுவும் கட்டத்திலும் இதே ஒழுங்குதான். கோப்புகள் நேரடியாகக் கணினியின் யூஎஸ்ஆர் அடைவுக்குப் போகக் கூடாது. அவை முதலில் ஒரு பிம்ப அடைவுக்குள் வைக்கப்படும். போர்டேஜ் அதைப் பார்த்துப் பட்டியலெடுத்த பின்னரே உண்மையான இடத்துக்கு மாற்றும். அந்தப் பட்டியல் இருப்பதால்தான் பின்னாளில் பொதியை நீக்கும்போது ஒரு கோப்பும் மிச்சமில்லாமல் போகிறது.

இனி கொடிகள். ஜென்டூ பயனர் தம் கணினிக்கேற்ற கம்பைலர் கொடிகளை ஒரே இடத்தில் எழுதி வைத்திருப்பார். உங்கள் கருவியின் பில்ட் கோப்பு தன் பங்குக்கு மூன்றாம் நிலை ஆப்டிமைசேஷனையும், எச்சரிக்கைகளைப் பிழையாக்கும் கொடியையும், கம்பைல் நடக்கும் பிராசசருக்கென்றே நிரலை வடிக்கும் நேட்டிவ் கொடியையும் செருகியிருந்தால் மூன்றையும் நீக்குங்கள். நேட்டிவ் கொடியை முதலில் நீக்குங்கள். 2023 டிசம்பர் இறுதியிலிருந்து ஜென்டூவே பைனரி பொதிகளையும் பரவலாக வழங்கிவருகிறது; ஒரு கணினியில் கட்டியது வேறொன்றில் ஓட வேண்டிய காலத்தில், பழைய பிராசசர் உள்ளவரிடம் அந்தக் கருவி தொடங்கிய உடனே செத்து விழும். கம்பைலரின் பெயரை ஜிசிசி என்று நேரடியாக எழுதியிருப்பதும் கூடாது. கிளாங் என்ற வேறு கம்பைலரை வைத்திருப்பவரும், ஒரு கணினியில் இருந்துகொண்டு இன்னொரு வகைக் கணினிக்குக் கட்டுபவரும் இருக்கிறார்கள். 2018இல் ஏற்கப்பட்ட 7ஆம் இஏபிஐ (இபில்ட் எழுதும் விதிகளின் பதிப்பு), சார்புகளில் பிடிபெண்ட் என்ற தனிப் பிரிவைக் கொண்டுவந்ததே அவர்களுக்காகத்தான். கட்டும் கணினியில் ஓட வேண்டியவை பிடிபெண்ட்டிலும், இலக்குக் கணினிக்கென இணைக்கப்பட வேண்டிய நூலகங்கள் டிபெண்ட்டிலும், கருவி ஓடும்போது தேவைப்படுபவை ஆர்டிபெண்ட்டிலும் வர வேண்டும். நாளை பிறர் தங்கள் இபில்ட்டில் உங்கள் கருவியைக் குறிப்பிடுவதும் பிடிபெண்ட்டில்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எத்தனை வேலைகள் ஒரே நேரத்தில் ஓடலாம் என்பதைப் பயனர் மேக்ஆப்ட்ஸ் மாறியில் எழுதியிருப்பார். நிஞ்சா போன்ற கருவிகள் அதைப் பாராமல் பிராசசரில் எத்தனை கோர் உள்ளன என்று தாமே எண்ணிக்கொள்ளும். கனமான சி++ கோப்பு ஒன்றைக் கம்பைல் செய்யவே ஒரு ஜிபிக்கு மேல் நினைவகம் தேவைப்படலாம். பதினாறு திரெட் கொண்ட கணினியில் நினைவகம் போதாதென்று நான்கு வேலைகள் போதும் என எழுதி வைத்தவரிடம், கருவி பதினாறைத் தொடங்கினால் கர்னல் கம்பைலரைக் கொன்றுவிடும். திரையில் "கில்டு" என்ற ஒற்றைச் சொல் மட்டும் மிஞ்சும். அதைப் பார்ப்பவர் கம்பைலரைத்தான் சந்தேகிப்பார். இதைத் தவிர்க்கவே, நிஞ்சாவுக்கான இகிளாஸ் மேக்ஆப்ட்ஸின் எண்ணை எடுத்து நிஞ்சாவிடம் கொடுக்கிறது. உங்கள் இபில்ட்டும் அதையே செய்ய வேண்டும்.

கேள்வி: மூலநிரல் தளம் ஒவ்வொரு பதிப்புக்கும் தானாகவே உருவாக்கித் தரும் டார் கோப்பைப் பயன்படுத்தலாமா, அல்லது ஆசிரியர்கள் தனியாக வெளியிடும் தொகுப்பைத்தான் எடுக்க வேண்டுமா?

பதில்: இரண்டிலும் சங்கடம் உண்டு. தானாக உருவாகும் கோப்பின் உள்ளடக்கம் மாறாவிட்டாலும் அதன் சுருக்கம் மாறக்கூடும். 2023 ஜனவரியில் கிட்ஹப் தளத்தில் மூலநிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியின் புதிய பதிப்பு சுருக்கும் முறையை மாற்றியதால் அத்தகைய கோப்புகளின் ஹாஷ்கள் ஒரே நாளில் மாறிப்போய், ஹாஷைச் சரிபார்க்கும் எண்ணற்ற பில்ட்டுகள் உலகெங்கும் நின்றன. அந்த மாற்றம் உடனடியாகத் திரும்பப் பெறப்பட்டது. ஆசிரியர்கள் தனியாக வெளியிடும் தொகுப்பில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதற்குள் இருப்பது களஞ்சியத்தில் இருப்பதுதானா என்பதற்கு உறுதி இல்லை. 2024 மார்ச் 29 அன்று வெளிச்சத்துக்கு வந்த, கோப்புகளைச் சுருக்கும் கருவியான எக்ஸ்இசட்டில் தீய நிரல் நுழைக்கப்பட்ட விவகாரத்தில், 5.6.0, 5.6.1 பதிப்புகளின் வெளியீட்டுத் தொகுப்பில் இருந்த ஒரு பில்ட் மேக்ரோ கோப்பு கிட் களஞ்சியத்தில் இல்லாதது. சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் கிடந்தவற்றிலிருந்து தீய நிரலை உருவியெடுத்துச் சேர்த்தது அந்த மேக்ரோதான். டெபியன் அல்லது ஆர்பிஎம் பொதி கட்டப்படும் சூழல்தானா என்று பார்த்த பிறகே அது இயங்கியது என்பதால் ஜென்டூ பயனர்கள் தப்பினார்கள் என்றாலும், ஜென்டூவும் உடனே பழைய பதிப்புக்குத் திரும்பியது.

பில்ட் கருவிக்கு நான் களஞ்சியத்திலிருந்து வரும் தொகுப்பையே தேர்ந்தெடுப்பேன். அதில் கிட் வரலாறு இராது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கிட்டைக் கேட்டுத் தன் பதிப்பு எண்ணை அறிந்துகொள்ளும் கருவியாக இருந்தால், நிறுவிய பிறகு பதிப்பைக் கேட்டால் "அன்னோன்" என்று சொல்லும். குறைந்தபட்சப் பதிப்பைச் சரிபார்க்கும் பிற மென்பொருள்கள் அதை ஏற்க மறுக்கும். பதிப்பு எண்ணை இபில்ட்டிலிருந்தே கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: இரண்டு பதிப்புகளை அருகருகே நிறுவ முடியுமா?

பதில்: ஸ்லாட் என்ற வசதி அதற்காகவே இருக்கிறது. பில்ட் கோப்புகளை உருவாக்கித் தரும் ஆட்டோமேக்கின் பல பதிப்புகள் ஒரே கணினியில் தனித்தனி ஸ்லாட்டுகளில் இருக்க, எதை அழைப்பது என்பதை ஒரு ரேப்பர் ஸ்கிரிப்ட் தீர்மானிக்கிறது. ஆனால் பழைய பதிப்புக்கு எழுதிய பில்ட் கோப்புகளைப் புதிய பதிப்பு படிக்க மறுத்தால் மட்டும் ஸ்லாட்டைப் பற்றி யோசியுங்கள். மெசன் என்ற பில்ட் கருவியும் சிமேக்கும் ஒற்றை ஸ்லாட்டில்தான் இருக்கின்றன, யாருக்கும் குறையில்லை.

கேள்வி: இபில்ட்டைச் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் எழுதி வாங்கலாமா?

பதில்: ஜென்டூவுக்கு அனுப்புவதற்கென்றால் கூடாது. அத்தகைய கருவிகளின் துணையோடு உருவாக்கிய பங்களிப்புகளை ஏற்பதில்லை என்று ஜென்டூ கவுன்சில் 2024 ஏப்ரலில் முடிவெடுத்திருக்கிறது.

கேள்வி: கருவியைப் பொதியாக்கிவிட்டேன். அதனால் கட்டப்படும் ஐந்தாறு மென்பொருள்களையும் பொதியாக்க விரும்புகிறேன். ஒவ்வொரு இபில்ட்டிலும் அதே வரிகளைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருக்கிறதே?

பதில்: அந்த வரிகளை ஓர் இகிளாஸாக எழுதுங்கள். எழுதுவதற்கு முன் மெசனுக்கான இகிளாஸைப் படித்துப் பாருங்கள். மெசனை அழைக்கும்போது அது தரும் விருப்பங்களில் இரண்டைக் கவனித்தால் போதும்: துணைத் திட்டங்களைப் பதிவிறக்காதே என்பது ஒன்று; ஆப்டிமைசேஷன் பற்றி உன் கருத்து எதையும் சேர்க்காத பிளைன் வகையில் கட்டு என்பது மற்றொன்று. மெசன் அந்த இரண்டையும் கட்டளை வரியிலேயே ஏற்கிறது. சிமேக்கும் வெளியிலிருந்து எதையும் இழுக்காதே என்று சொல்வதற்கு ஒரு மாறி வைத்திருக்கிறது. உங்கள் கருவிக்கு இவ்விரண்டு விருப்பங்களும் இல்லையென்றால் இகிளாஸில் எத்தனை வரி எழுதினாலும் ஈடாகாது. அவற்றை மூலநிரலிலேயே சேர்க்கச் சொல்லி ஆசிரியர்களிடம் கேட்பதுதான் முதல் வேலை. பொதியாக்குபவர்கள் ஒரு பில்ட் கருவியை விரும்புவதும் வெறுப்பதும் பெரும்பாலும் இந்த இரண்டைப் பொறுத்தே அமைகிறது; வேகம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சோதனைக் கட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். சோதனைக்கு மட்டும் தேவைப்படும் நூலகங்களை டெஸ்ட் என்ற யூஸ் கொடியின் (பயனர் வேண்டும்போது இயக்கும் தேர்வின்) கீழ் வையுங்கள். நிஞ்சாவின் சோதனைகளுக்கு ஜிடெஸ்ட் என்ற சோதனை நூலகம் வேண்டும், ஜிடெஸ்டைக் கட்ட சிமேக் வேண்டும், ஜென்டூவில் சிமேக் பொதிகள் இயல்பாக நிஞ்சாவைக் கொண்டே கட்டப்படுகின்றன. கொடி இல்லாமல் இவற்றை நேராகச் சார்புப் பட்டியலில் எழுதினால் மறுபடியும் அதே வட்டம் வந்துவிடும்.

பிறகு உங்கள் ஓவர்லேயில் (சொந்த இபில்ட் களஞ்சியத்தில்) வைத்து, இபில்ட்டுகளில் பிழை தேடும் பிகேஜிசெக் கருவியை ஓட்டி, அது காட்டும் குறைகளைக் களைந்துவிட்டு, பயனர்கள் பராமரிக்கும் குரு களஞ்சியத்துக்கு அனுப்புங்கள். அங்கே டெவ் கிளையில் நீங்களே சேர்க்கலாம். நம்பிக்கைக்குரிய பங்களிப்பாளர் ஒருவர் பார்த்த பிறகு அது முதன்மைக் கிளைக்குப் போகும். எந்தப் பிராசசர்களுக்கானது என்று சொல்லும் கீவேர்டில் நீங்கள் உண்மையில் கட்டிப் பார்த்த பிராசசர் வகையை மட்டும், இன்னும் சோதனை நிலை என்பதைக் காட்டும் டில்டா குறியை முன்னால் இட்டு எழுதுங்கள். மற்றவற்றை அந்தந்தக் கணினி வைத்திருப்பவர்கள் கேட்டுச் சேர்ப்பார்கள்.